விவாகரத்து விண்ணப்பத்தில் அந்த ஒரு டிக்: போடலாமா, விடலாமா?

இங்கிலாந்தில் விவாகரத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது நடுவில் ஒரு கேள்வி வரும்: பணம், சொத்து பற்றி நீதிமன்ற உத்தரவு கேட்கப்போகிறீர்களா? 2023-இல் அந்தக் கேள்விக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டை விற்றுப் பாதிப் பாதி, கார் அவருக்கு, நகை எனக்கு என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். அப்புறம் கோர்ட் எதற்கு?

வழி மூன்று. வாய்ப்பேச்சோடு விட்டுவிடலாம். பேசியதை எழுதி நீதிபதியின் ஒப்புதல் வாங்கலாம். அதுதான் கன்சென்ட் ஆர்டர். ஒத்துவராவிட்டால் ஃபார்ம் ஏ போட்டு வழக்காடலாம். நான் போனது இரண்டாவது வழி. சாய்வும் அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

வழக்காடியவள் இல்லை நான். தோழி சொல்லிக் கேட்டதுதான். அவள் கணவர் ஒரு வங்கிக் கணக்கையே மறைத்தார். வழக்கில் இருவரும் தரவேண்டிய பண விவரப் படிவமான ஃபார்ம் ஈ-யில் பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையோடு எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்பதால் அது வெளியே வந்தது. மறைக்கிற ஆளிடம் வேறு வழியில்லை. ஆனால் வழக்கு இழுக்கும், பணத்தையும் தின்னும்.

வாய்ப்பேச்சுக்குச் செலவே இல்லை. ஆனால் விவாகரத்து முடிப்பது திருமணத்தை மட்டும். ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பண உரிமை அப்படியே திறந்து கிடக்கும், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. வயாட் எதிர் வின்ஸ் வழக்கைப் பாருங்கள். இருவரும் கையில் காசில்லாத காலத்தில் மணந்து பிரிந்தவர்கள், விவாகரத்து 1992-இல். பிற்பாடு கணவர் காற்றாலை மின்சாரத்தில் பெரும் பணக்காரர் ஆனார். 2011-இல் அந்த அம்மா பணம் கேட்டு மனுப் போட்டார். மனுவை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. கடைசியில் 3 லட்சம் பவுண்டில் முடிந்தது. நாளைக்கு எனக்கு நல்ல வேலை கிடைத்தாலும், ஊரில் அப்பாவின் நிலம் என் பெயருக்கு வந்தாலும் அவர் என்னிடம் பணம் கேட்க இதே கதவு திறந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. அதுவரை கேட்காமல் இருந்துவிட்டு மறுமணம் செய்துகொண்டால், மொத்தத் தொகையையும் வீட்டில் பங்கையும் பிறகு கேட்க முடியாது. விவாகரத்துக்கு விண்ணப்பித்தவருக்கு, அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று போட்ட டிக்கே காப்பு. எதிர்த்தரப்பு என்றால் தாலி ஏறுமுன் ஃபார்ம் ஏ போட்டிருக்க வேண்டும். டிக் போட்டதால் வழக்கு ஒன்றும் தொடங்கிவிடாது, கட்டணமும் இல்லை. ஆனால் டிக் எந்தக் கதவையும் மூடாது. மூடுவது, இனி ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்க முடியாது என்கிற கிளீன் பிரேக் ஷரத்து உள்ள உத்தரவு மட்டும்தான்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய பென்ஷனில் எனக்கு ஒரு பங்கு என்று பேசியிருந்தோம். கோர்ட் உத்தரவு இல்லாமல் பென்ஷன் நிறுவனம் ஒரு பென்னியைக்கூடப் பிரிக்காது.

கோர்ட் கட்டணம் அப்போது 53 பவுண்டு. இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. எழுதித் தந்த சொலிசிட்டருக்கு ஆனது அதைப்போலப் பல மடங்கு. டி81 படிவத்தில் இருவரின் வரவு, சொத்து, கடன் எல்லாம் எழுதினோம். நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. பென்ஷன் பங்கு பற்றி ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

குழந்தைச் செலவு பற்றி நான் பேசவில்லை, எங்களுக்குக் குழந்தை இல்லை. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

வரிசை மட்டும் முக்கியம். விண்ணப்பித்து இருபது வாரம் கழித்துத்தான் நிபந்தனை உத்தரவு, அதாவது விவாகரத்துக்குத் தடையில்லை என்று கோர்ட் சொல்லும் உத்தரவு, கேட்கலாம். அது வந்த பிறகுதான் கன்சென்ட் ஆர்டருக்கு முத்திரை விழும். நிபந்தனை உத்தரவு வந்து ஆறு வாரம் கழித்து விவாகரத்தை முடித்துவிடலாம் என்றாலும் நான் முடிக்கவில்லை. பண உத்தரவு கைக்கு வருவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பென்ஷனில் மனைவி என்ற முறையில் வரவேண்டியது போய்விடும்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டார். "உங்க கதவும்தாங்க மூடுது" என்றேன். மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்.