ஒரே நாடு, நான்கு மருந்துச் சீட்டுகள்: பிரிட்டனில் எந்தப் பகுதி நோயாளிக்கு நல்லது?

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர், அங்கிருக்கும் தேசிய சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸை ஒற்றை அமைப்பாகவே நினைத்துக்கொண்டு போகிறார்கள். உண்மையில் அது நான்கு: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோதே ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. 1999-இல் எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் ஆகிய மூன்று தலைநகரங்களுக்கும் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்ட பிறகு, பிரிவு இன்னும் ஆழமானது. எந்த மருந்துக்குப் பணம் ஒதுக்குவது, நோயாளியிடம் காசு வாங்குவதா வேண்டாமா, தட்டுப்பாடு வந்தால் மருந்தாளர் என்ன செய்யலாம் என்பவையெல்லாம் இன்று இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகின்றன.

மாறாதவையும் உண்டு. மருந்துக்கு உரிமம் தருவது எம்எச்ஆர்ஏ என்ற ஒரே ஒழுங்குமுறை அமைப்பு. வணிகப் பெயருள்ள மருந்துகளுக்கு ஆண்டுதோறும் என்எச்எஸ் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு கட்டும் ஒப்பந்தமும் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் உரிமம் பெற்ற மருந்து நோயாளியின் கைக்கு வருவதற்கு அது மட்டும் போதாது.

நான்கையும் பொதுவாக ஒப்பிட்டால் எல்லாம் மங்கலாகிவிடும். அதனால் ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலிலும் கணையத்திலும் கெட்டியான சளி சேரும் பரம்பரை நோய் இது. பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும், அதில் சில மிக விலை உயர்ந்தவை, சில அடிக்கடி தட்டுப்பாட்டில் சிக்குபவை. ஒரு நாட்டின் மருந்து நிர்வாகத்தைச் சோதிக்க இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது.

கவுண்ட்டரில் கொடுக்கும் காசு

இங்கே முடிவு எளிது. இங்கிலாந்தைத் தவிர மற்ற மூன்று இடங்களிலும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. வேல்ஸ் முதலில், 2007 ஏப்ரல் 1 அன்று அதை ஒழித்தது. வட அயர்லாந்து 2010-இலும் ஸ்காட்லாந்து 2011-இலும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சீட்டில் மூன்று மருந்து எழுதியிருந்தால் மூன்று கட்டணம்.

இங்கிலாந்து அரசு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: வழங்கப்படும் மருந்துகளில் ஏறத்தாழ 89 விழுக்காடு இலவசமாகவே போகின்றன என்பது. கணக்கு சரிதான். குழந்தைகள், 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சில அரசு உதவித்தொகை பெறுவோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. முதியவர்கள்தான் அதிக மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதால் அந்த விழுக்காடு உயரமாகத் தெரிகிறது. மீதமுள்ள 11 விழுக்காட்டில்தான் வேலைக்குப் போகும் வயதில் நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் யாருக்கு விலக்கு என்பதைத் தீர்மானிக்கும் நோய்ப் பட்டியல் 1968-இல் எழுதப்பட்டது. 2009-இல் புற்றுநோயைச் சேர்த்தார்கள். அதைத் தவிர அது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எல்லா மருந்தும், தோல் அரிப்புக்கான களிம்புகூட, இலவசம். ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுக்குழல் மருந்துக்கே காசு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 1968-இல் அந்த நோயுள்ள குழந்தைகளில் வெகு சிலரே பெரியவர்களாகும் வரை உயிர் வாழ்ந்தார்கள், குழந்தைகளுக்கோ எப்படியும் விலக்கு இருந்தது. மருத்துவம் முன்னேறி அவர்கள் முப்பதையும் நாற்பதையும் எட்டிய பிறகு, உயிர் பிழைத்ததற்காகக் கட்டணம் வசூலிப்பது போல் ஆகிவிட்டது. இதை நியாயப்படுத்தும் ஒரு வாதத்தையும் நான் இதுவரை கேட்கவில்லை.

வேல்ஸ் எல்லையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். வேல்ஸில் வசித்து இங்கிலாந்து மருத்துவரிடம் பதிவு செய்திருப்பவருக்கு ஓர் உரிமை அட்டை தருகிறார்கள். அதைக் காட்டி வேல்ஸ் மருந்தகத்தில் இலவசமாக வாங்கலாம். அதே சீட்டை இங்கிலாந்துப் பக்கத்து மருந்தகத்தில் நீட்டினால் கட்டணம் கேட்பார்கள்.

புதிய மருந்து: யார் 'சரி' என்று சொல்வது?

கட்டணத்தோடு ஒப்பீட்டை நிறுத்திவிட்டால் இங்கிலாந்து தோற்றுவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் இலவசம் என்பது மருந்து நோயாளியை அடையும் பாதையின் கடைசிப் படி. அதற்கு முன்னால், அந்த மருந்தை வாங்குவதா என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். விலை உயர்ந்த மருந்து தேவைப்படுகிறவருக்கு 9.90 பவுண்டைவிட அந்த முடிவுதான் வாழ்வா சாவா.

இங்கிலாந்தில் அந்தப் பொறுப்பு 1999-இல் தொடங்கப்பட்ட நைஸ் அமைப்பிடம் இருக்கிறது. ஒரு மருந்து நல்ல உடல்நிலையில் ஓர் ஆண்டு ஆயுளைக் கூட்டித் தர எவ்வளவு செலவாகிறது என்று அது கணக்கிடுகிறது. நீண்ட காலமாக 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதே அளவுகோலாக இருந்தது. நைஸ் தன் மதிப்பீட்டில் பரிந்துரைத்துவிட்டால், பொதுவாக 90 நாளுக்குள் என்எச்எஸ் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். இது சட்டக் கடமை. நோயாளி அதைக் காட்டி உரிமை கேட்கலாம்.

ஸ்காட்லாந்தில் 2001 முதல் எஸ்எம்சி என்ற தனிக் குழு இருக்கிறது. அதன் பரிந்துரைக்கு நைஸுக்குரிய சட்டப் பிணைப்பு இல்லை. வட்டார சுகாதார வாரியங்கள் அதைப் பின்பற்றும் என்ற எதிர்பார்ப்புதான் இருக்கிறது. அதன் பலம் வேறு இடத்தில். வாழ்வின் இறுதிக் கட்டத்துக்கான மருந்துகளுக்கும் அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கும், நோயாளி அமைப்புகளும் மருத்துவர்களும் உட்கார்ந்து பேசும் தனிக் கூட்டத்தை அது 2014-இல் கொண்டுவந்தது. எண்களில் அடங்காதவற்றை அங்கே முன்வைக்கலாம்.

வேல்ஸுக்கும் 2002 முதல் சொந்த மதிப்பீட்டுக் குழு உண்டு. ஆனாலும் பெரும்பாலும் நைஸின் முடிவையே ஏற்கிறது, ஏற்றதை வேகமாகச் செயல்படுத்துகிறது. 2017-இல் தொடங்கிய புதிய சிகிச்சை நிதிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடி பவுண்டு ஒதுக்கி, பரிந்துரை வந்த 60 நாளுக்குள் மருந்து கிடைக்க வேண்டும் என்று விதித்தார்கள். இங்கிலாந்தின் 90 நாளைவிட ஒரு மாதம் குறைவு. வட அயர்லாந்து 2006 முதல் நைஸின் முடிவுகளைப் பரிசீலித்து ஏற்றுக்கொள்கிறது.

இந்த வெவ்வேறு வழிகள் எப்படி வெவ்வேறு விளைவு தருகின்றன என்பதற்கு மார்பகப் புற்றுநோய் மருந்துகள் இரண்டு போதும். பெர்ஜெட்டா என்ற மருந்தை, நோய் பரவிய நிலையில் உள்ளவர்களுக்கு எஸ்எம்சி பலமுறை நிராகரித்து, 2019 ஜனவரியில்தான் ஏற்றது. நைஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஏற்றிருந்தது, அதற்கும் முன்பே இங்கிலாந்துப் பெண்கள் புற்றுநோய் மருந்து நிதி மூலம் அதைப் பெற்று வந்தார்கள். என்ஹெர்ட்டு என்ற மருந்தில் நிலைமை தலைகீழ். ஹெர்2 புரதம் குறைவாக உள்ள வகைக்கு அதை எஸ்எம்சி 2023 டிசம்பரில் ஏற்றது. நைஸ் 2024 ஜூலையில் நிராகரித்தது. காரணம், நைஸ் 2022-இல் கடுமையான நோய்களுக்குக் கூடுதல் மதிப்பு தரும் முறையை மாற்றியிருந்தது. புதிய முறையில் இந்த நோய்க்கு உச்சநிலைக் கடுமை என்ற தகுதி கிடைக்கவில்லை, நிறுவனம் விலையை அந்த அளவுக்கு இறக்கவும் இல்லை. ட்வீட் ஆற்றின் வடகரையில், ஸ்காட்லாந்தின் கோல்ட்ஸ்ட்ரீமில் வசிக்கும் பெண்ணுக்குக் கிடைத்த மருந்து, ஆற்றைத் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் வசிப்பவருக்கு இல்லை என்றானது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குத் திரும்புகிறேன். ஓர்காம்பி என்ற மருந்துக்கு 2015 நவம்பரிலேயே ஐரோப்பிய உரிமம் கிடைத்துவிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,04,000 பவுண்டு என்ற பட்டியல் விலை காரணமாக 2016-இல் நைஸ் நிராகரித்தது. இங்கிலாந்து என்எச்எஸ் 2018-இல், ஐந்து ஆண்டுகளுக்கு 50 கோடி பவுண்டு வரை தருவதாகச் சொன்னது. தயாரிப்பாளரான வெர்டெக்ஸ் மறுத்தது. பெற்றோர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2019 ஆகஸ்டில் எஸ்எம்சியும் 'இல்லை' என்றது. ஆனால் அடுத்த மாதமே ஸ்காட்லாந்து அரசு, குழுவின் முடிவைத் தாண்டி, நிறுவனத்தோடு நேரடியாக ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 24 அன்று இங்கிலாந்தும் உடன்பாட்டை எட்டியது. வேல்ஸும் வட அயர்லாந்தும் அதன் பின்னால் வந்தன.

ஐந்தரைக் கோடிக்கும் மேல் மக்கள் உள்ள இங்கிலாந்து நான்கு ஆண்டு இழுத்த பேச்சில், 55 லட்சம் பேர் உள்ள ஸ்காட்லாந்து முந்திக்கொண்டது. சிறிய அரசில் சுகாதார அமைச்சர் நோயாளிக் குடும்பங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறார் என்பதே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இங்கிலாந்தின் பேரளவுக்கும் பலன் உண்டு. அடுத்து வந்த காஃப்ட்ரியோ மருந்துக்கு, உரிமம் கிடைப்பதற்கு முன்பே, 2020 ஜூன் இறுதியில் அது ஒப்பந்தம் முடித்துவிட்டது. ஆகஸ்டில் உரிமம் வந்தபோது கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஓர்காம்பிக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் நுரையீரலை இழந்தவர்களுக்கு அது காலம் கடந்த நல்ல செய்தி.

தட்டுப்பாடு வரும்போது

கணையம் வேலை செய்யாததால், இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் கிரியான் போன்ற செரிமான நொதி மாத்திரைகளை விழுங்க வேண்டும். 2024-இல் அது கடும் தட்டுப்பாட்டுக்கு உள்ளானது. மே மாதத்தில், ஒரு தடவைக்கு ஒரு மாத அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்ற தட்டுப்பாட்டு நெறிமுறை வந்தது. மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று சாப்பாட்டையே குறைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இத்தகைய நெறிமுறைகளுக்கான வழி 2019-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட மருந்துக்கு அமைச்சர் அதை அறிவித்தால்தான், இங்கிலாந்தின் சமுதாய மருந்தகங்களில் மருந்தாளர் சீட்டை மாற்ற முடியும். அறிவிப்பு இல்லாத மருந்தில், 20 மில்லிகிராம் மாத்திரை இல்லாமல் 10 மில்லிகிராம் அலமாரியில் இருந்தாலும், இரண்டு மாத்திரையாகக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நோயாளி மருத்துவரிடம் திரும்பிப் போய் வேறு சீட்டு வாங்கி வர வேண்டும். ஸ்காட்லாந்தில் மருந்தாளர் இத்தகைய சிறு மாற்றங்களைத் தாமே செய்ய வழி இருக்கிறது. சிறு நோய்களுக்கு மருந்தகத்திலேயே சிகிச்சை தரும் 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தையும் ஸ்காட்லாந்து 2020 ஜூலையில் தொடங்கியது. இங்கிலாந்து அதே பெயரில், ஏழு நோய்களுக்கு மட்டும், 2024 ஜனவரி இறுதியில்தான் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு மருந்தியல் படித்தவரை வெறும் விநியோகிப்பாளராக நடத்துவது வீண்.

வட அயர்லாந்து

வட அயர்லாந்தின் கதையில் நோயாளி செய்யக்கூடியது எதுவுமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபோது, ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக் குடியரசோடு உள்ள எல்லையில் சோதனை வரக் கூடாது என்பதற்காக, இங்கே மட்டும் ஐரோப்பிய மருந்துச் சட்டம் தொடர்ந்தது. மருந்துகளில் மிகப் பெரும் பகுதி கடல் கடந்து பிரிட்டன் தீவிலிருந்து வருகிறது. இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்காகத் தனி உரிமம், தனிப் பரிசோதனை, தனிப் பொதியுறை என்று செலவிட, வணிகப் பெயரில்லாத மலிவு மருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தயங்கின. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தைத் தளர்த்தியது. 2023 பிப்ரவரி 27 அன்று பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே விண்ட்சர் உடன்பாடு வந்தது. அதன்படி 2025 ஜனவரி 1 முதல் உரிமம் முழுவதும் எம்எச்ஆர்ஏவிடம் திரும்பியது. பெட்டியில் 'பிரிட்டனுக்கு மட்டும்' என்ற குறிப்பு இருக்க வேண்டும், அவ்வளவே. மனித மருந்துகளுக்குத் தீர்வு கிடைத்தது. கால்நடை மருந்துகளுக்குக் கிடைக்கவில்லை. சலுகைக் காலம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது.

இதற்கிடையே அங்கே 2017 முதல் 2020 வரையிலும், 2022 முதல் 2024 வரையிலும் முழுமையான உள்ளூர் அரசே இல்லை. ஓர்காம்பிக்காகப் பெல்ஃபாஸ்ட் பெற்றோர்கள் போராடிய நாட்களில், அவர்கள் மனு கொடுப்பதற்கு ஒரு சுகாதார அமைச்சர்கூட இல்லை. மருந்துச் சீட்டு இலவசமாக இருந்தது.

என் தேர்வு

நாள்பட்ட நோயுள்ள ஒரு குழந்தையோடு பிரிட்டனில் எங்கே குடியேறலாம் என்று என்னைக் கேட்டால், ஸ்காட்லாந்து என்பேன். கட்டணம் இல்லை, மருந்தாளருக்கு அதிகாரம் உண்டு, நோயாளியின் குரலுக்கு முறையான இடம் உண்டு. ஆனால் நைஸ் பரிந்துரைக்குள்ள சட்டப் பிணைப்பு அங்கேயும் வந்தாக வேண்டும். இரண்டாவது வேல்ஸ். 60 நாள் விதியை மற்ற மூவரும் வெட்கமில்லாமல் நகலெடுக்கலாம்.

இங்கிலாந்தில்தான் இருந்தாக வேண்டும் என்பவர்கள், நம் மாணவர்களில் பலர் அப்படித்தான், ஒன்றைக் கவனியுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டதால் மருந்துச் சீட்டும் இலவசம் என்று அர்த்தமில்லை. ஆண்டுக்கு 12 மருந்தோ அதற்கு மேலோ வாங்க வேண்டியிருந்தால், 114.50 பவுண்டுக்கு முன்பணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு எத்தனை வாங்கினாலும் கூடுதல் காசு இல்லை. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் பத்து மாதத் தவணையிலும் கட்டலாம்.