ராஸின் வழியும் ரிட்ஜின் வழியும்

1830களில் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைச் சொந்த நிலத்தைவிட்டு மேற்கே போகச் சொல்லி அமெரிக்க அரசு நெருக்கியது. அவர்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. தலைவர் ஜான் ராஸ் மண்ணை விட்டுக்கொடுக்காமல் நீதிமன்றம், மனு என்று போராடச் சொன்னார். மேஜர் ரிட்ஜும் அவர் மகன் ஜான் ரிட்ஜும் கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு மேற்கே போய்விடலாம் என்றார்கள்.

ராஸின் வழி வெறும் கனவல்ல. 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த யாரும் இல்லை. ஜார்ஜியா அந்த நிலத்தைக் குலுக்கல் முறையில் வெள்ளையருக்குப் பங்கிட்டது. 1835இல் வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பிய ராஸ், குலுக்கலில் வென்றவன் தன் வீட்டிலேயே குடியேறியிருப்பதைக் கண்டார்.

இதையெல்லாம் பார்த்துத்தான் ரிட்ஜ் தரப்பு மனம் தளர்ந்தது. அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1835 டிசம்பரில் செரோக்கி தலைநகரான நியூ எகோட்டாவில் 50 லட்சம் டாலருக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர்களுக்கு மக்கள் அதிகாரம் தரவில்லை. ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்த்தும், அமெரிக்க செனட் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை ஒரே வாக்கில் எட்டி அதை ஏற்றது.

ரிட்ஜ் குடும்பம் 1837இலேயே புறப்பட்டது. ராஸை நம்பி இருந்தவர்களை 1838இல் ராணுவம் வீடுகளிலிருந்து இழுத்துப்போய் முகாம்களில் அடைத்தது; பிறகு அவர்கள் மேற்கே அனுப்பப்பட்டார்கள். முகாம்களிலும் அந்தப் பயணத்திலுமாகச் சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. ராஸின் மனைவி குவாட்டியும் வழியிலேயே இறந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காக ரிட்ஜ்கள் இருவரையும் 1839 ஜூனில் சொந்த இனத்தவரே கொன்றார்கள்.