சப்டோட்டல் வரியில என்ன காட்டுறது: ஹேஸ்ஒன்வேல்யூவா, இஸ்ஃபில்டர்டா, இஸ்இன்ஸ்கோப்பா?

மைக்ரோசாஃப்டோட ரிப்போர்ட் டூல் பவர் பிஐ, அதோட மேட்ரிக்ஸ்ல (லெவல் லெவலா விரியுற அட்டவணை) பிரிவு, உட்பிரிவு, பொருள்னு மூணு லெவல் இருக்குன்னு வைங்க. பொருள் வரியில அது உட்பிரிவுக்குள்ள எத்தனை சதவீதம்னு வரணும், உட்பிரிவு வரியில பிரிவுக்குள்ள எத்தனைன்னு, பிரிவு வரியில மொத்தத்துல எத்தனைன்னு. மெஷர் (நாம எழுதுற கணக்கு ஃபார்முலா) ஒண்ணுதான், ஆனா எந்த லெவல்ல நிக்கிறோம்னு அதுக்குத் தெரிஞ்சாதான் சரியான கணக்கைப் போடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் தலைப்புல இருக்கிற மூணு ஃபங்ஷன்ல ஒண்ணைப் போடுவாங்க.

பழைய ஆளுங்க உடனே கை வைக்கிறது ஹேஸ்ஒன்வேல்யூ. நானும் மாசக்கணக்கா அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன், ஒரு குறையும் தெரியல, ஏன்னா எங்க டேட்டால எல்லாப் பிரிவுக்கும் ரெண்டு மூணு உட்பிரிவு இருந்துச்சு. ஒருநாள் ஒரே ஒரு உட்பிரிவோட புதுசா ஒரு பிரிவு வந்து சேந்துச்சு பாருங்க, மொத்தம் 200ல 40 வித்த அந்தப் பிரிவு 20 சதவீதம்னு காட்டாம 100 சதவீதம்னு காட்டுது. தப்பு ஃபங்ஷன் மேல இல்ல, அது "ஒரே ஒரு மதிப்புதான் தெரியுதா"ன்னு மட்டும் பாக்குது, லெவலைப் பத்தி அதுக்குக் கவலையே கிடையாது, அதனால ஒரே உட்பிரிவு தெரியுற பிரிவு வரியும் உட்பிரிவு வரியா கணக்காயிடும்.

இஸ்ஃபில்டர்ட் அந்த நெடுவரிசை மேல நேரடியா ஃபில்டர் இருக்கான்னு பாக்கும். இந்த இடத்துல தப்பிச்சிடும், ஆனா ஸ்லைசர்கிட்ட (ரிப்போர்ட்ல டிக் பண்ணி வடிகட்டுற பெட்டி) மாட்டிக்கும். யாராவது ஸ்லைசர்ல நாலு பொருளை டிக் பண்ணாப் போதும், கிராண்ட் டோட்டல் வரி கூட பொருள் லெவல்னு நினைச்சுக்கும். ஸ்லைசரே இல்லாத ரிப்போர்ட்டா, ஓகே. அப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பாத்ததில்ல.

இஸ்இன்ஸ்கோப் 2018 நவம்பர்ல வந்துச்சு, இந்த வேலைக்குன்னே. அந்த வரியில அந்த நெடுவரிசை குரூப் ஆகியிருக்கான்னுதான் பாக்கும், அதனால ஒத்தைப் பிள்ளை பிரிவும் ஸ்லைசரும் அதை ஏமாத்த முடியாது. ஒரே கண்டிஷன், ஸ்விட்ச்ல (மேலிருந்து ஒவ்வொண்ணா செக் பண்ணி முதல்ல உண்மையாகுறதை எடுக்கிற ஃபங்ஷன்) கீழ் லெவலை முதல்ல எழுதணும். பொருள் வரியில நிக்கும்போது பிரிவும் குரூப்லதானே இருக்கு, பிரிவை முதல்ல கேட்டா எல்லா வரியும் அங்கேயே நின்னுடும், பிரிவோட கணக்குதான் எல்லாத்துக்கும் வரும்.

கோடே வேணாம்னா ஃபார்மேட் பேன்ல லெவல் வாரியா சப்டோட்டலை அணைக்கலாம், ஆனா அது எல்லா மெஷரையும் சேத்து அணைச்சிடும். விலை மாதிரி கூட்டக்கூடாத ஒண்ணுக்கு மட்டும் மறைக்கணும்னா இஸ்இன்ஸ்கோப் வச்சு பிளாங்க் கொடுங்க. ஃபார்மேட் ஃபங்ஷன் வச்சு "-" போட்டுக் காட்டாதீங்க, நம்பர் டெக்ஸ்ட் ஆகி சார்ட்டும் போச்சு, வரிசைப்படுத்துறதும் போச்சு.

அப்புறம் அதே மெஷரை, ஒரே ஒரு நம்பரைக் காட்டுற கார்டுல போட்டா அங்க குரூப்பே கிடையாது, மூணு செக்கும் பொய்னுதான் வரும், அதனால ஸ்விட்ச்சோட கடைசி வரியைக் காலியா விட்டுட்டு அப்புறம் கார்டு ஏன் வெறுமையா நிக்குதுன்னு தேடாதீங்க.