மறுவீட்டில் நின்றுபோகும் கல்யாண வீடியோ: என் டிவிடி ரைட்டர் அனுபவம்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். இப்போது எல்லோரும் பென் டிரைவ்தான் கேட்கிறார்கள் என்றாலும், "தகட்டிலும் ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள் தம்பி" என்று சொல்லும் பெரியவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் இருபது வருடங்களாக என் மேசையில் தகட்டில் எழுதும் ஏதாவது ஒரு ரைட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் வாங்கியது காம்போ டிரைவ். முகப்பில் டிவிடி முத்திரை இருந்ததால் டிவிடியும் எழுதும் என்று நம்பி வாங்கி ஏமாந்தேன். அது டிவிடியைப் படிக்கும். எழுதுவது சிடி மட்டும்தான். ஒரு விசிடியில், அதாவது வீடியோ சிடியில், 80 நிமிடம்கூட முழுதாகக் கொள்ளாது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று தகடு ஆகும்.

2007-இல் கணினிக்குள் பொருத்தும் பெரிய டிவிடி ரைட்டர் வாங்கினேன். கணினிக்குள் டிரைவ்களை இணைக்கும் சாட்டா கேபிள் கொண்டது. பெட்டியின்மேல் 16 எக்ஸ் (எழுதும் வேகம், அடிப்படை வேகத்தைப்போல் 16 மடங்கு) என்று கொட்டை எழுத்தில் இருக்க, நானும் கண்ணை மூடிக்கொண்டு 16-லேயே எழுதித் தள்ளினேன். சில மாதங்களில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். "தாலி கட்டுவது வரை நன்றாக ஓடுகிறது அண்ணா, மறுவீட்டில் நின்றுவிடுகிறது" என்றார். அடுத்து வந்தவருக்கும் மறுவீடுதான் பிரச்சினை. டிவிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. அந்த 16 எக்ஸ் வேகமும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதில்லை. ஏறத்தாழ ஆறில் தொடங்கி, ஏறி ஏறி விளிம்பில்தான் பதினாறைத் தொடுகிறது. மலிவான தகடு அங்கேதான் காலை வாரியது. மறுவீடு பதிவதும் அதே விளிம்பில்தான். 8 எக்ஸுக்கு இறக்கினேன். தகடு ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவுதான். புகார் அடியோடு குறைந்தது. அன்றிலிருந்து பெட்டிமேல் இருக்கும் எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

வெளியூர் வேலைக்காக யுஎஸ்பியில் செருகும் மெலிந்த ரைட்டர் ஒன்று வாங்கினேன். பையில் போட்டுக்கொள்ள வசதி. ஆனால் யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். எழுதும்போது லேசருக்கும் மோட்டாருக்கும் அது போதாமல், பாதியில் அறுந்து தகடு வீணாகும். இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலை கேபிள் போட்ட பிறகே அடங்கியது. இன்னொரு குறை: இதில் லென்ஸ் ட்ரேயிலேயே இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் தூசி நேராக அதன்மேல் விழுகிறது. பெரிய ரைட்டரில் லென்ஸ் உள்ளே பத்திரமாக இருக்கும், தகட்டையும் மேலிருந்து ஒரு பிடி அழுத்திக்கொள்ளும். இதில் 'டக்' என்று கேட்கும்வரை நாமே விரலால் அழுத்த வேண்டும். படம் அச்சிட்ட ஸ்டிக்கரைக் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டால், தகடு சுற்றும்போது பெட்டியே அதிரும்.

ப்ளூரே ரைட்டரும் இருக்கிறது. 25 ஜிபி ஒரே தகட்டில் அடங்குவது பெரிய காரியம்தான். ஆனால் அதைப் போட்டுப் பார்க்கும் பிளேயர் என் வாடிக்கையாளர் யார் வீட்டிலும் இல்லை. என் சொந்தக் காப்பகத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். சோனி எழுதும் ப்ளூரே தகடு தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டதால் கையில் இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறேன்.

புதிதாக வாங்குகிறவர் மாதம் ஒன்றிரண்டு தகடுதான் எழுதுவார் என்றால் மெலிந்ததே போதும். தினமும் எழுதுகிறவருக்குப் பெரியதுதான். என்னுடைய 2007 ரைட்டருக்கு ட்ரே பெல்ட் தளர்ந்து, சில காலம் ஜெம் கிளிப்பை முன்துளையில் குத்தித்தான் திறந்தேன். பெல்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது. புதிய கேபினெட்டில் அதற்கு இடமே இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேபிளை வெளியே இழுத்து, ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார வைத்திருக்கிறேன். நேற்றும் ஒரு வளைகாப்பு எழுதியது, 8 எக்ஸில்.