அம்மாவின் மாத்திரைகள்: ஆப்பில் வாங்குவதா, தெருமுனை மெடிக்கலில் வாங்குவதா?

அம்மாவுக்கு ஐந்து மருந்து. சுகருக்கு மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம், ராத்திரி படுக்கும்முன் இன்சுலின். மதுரை அண்ணா நகரில் எங்கள் தெருமுனையிலேயே மெடிக்கல் இருக்கிறது. போனில் இரண்டு மருந்து ஆப் இருக்கின்றன. நடக்கிற தூரத்தில் மக்கள் மருந்தகமும் உண்டு. இரண்டு வருடமாக எல்லா வழியிலும் வாங்கிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. ஆப்பில் எனக்குக் கிடைத்த தள்ளுபடி பெரும்பாலும் பதினைந்திலிருந்து இருபது சதவீதம். தெருமுனைக் கடையில் மாதாமாதம் வாங்குகிறவன் என்பதால் பத்து சதவீதம் குறைக்கிறார்கள். டெலிவரி கட்டணத்தைச் சேர்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விலைதான் முக்கியம் என்றால் பார்க்க வேண்டிய இடம் ஜெனரிக் கடை, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கிற கடை. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அதே மூலக்கூறு பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருப்பதில்லை, அது ஒன்றுதான் குறை. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற என் சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, காசில்லாமல்.

ஆகவே ஆப்பா, கடையா என்ற கேள்விக்கு விலை பதில் சொல்லாது. தப்பான மாத்திரை வந்தால் இடையில் யார் கண்டுபிடிப்பார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

போன வருடம் ஆப்பில் மெட்ஃபார்மின் தேடியபோது நான் கவனிக்காமல் எஸ்ஆர் என்று போட்டதை எடுத்துவிட்டேன். பெயரும் 500-ம் ஒன்றுபோலத்தான் இருந்தன. சீட்டைப் பதிவேற்றினேன், ஆர்டர் ஏற்கப்பட்டது, மூன்றாம் நாள் பார்சல் வந்துவிட்டது. அந்த வாரம் தெருமுனைக் கடைக்கு வேறு ஒன்று வாங்கப் போனவன், பையில் இருந்த அட்டையை எதேச்சையாக அங்கிருக்கிற ஃபார்மசிஸ்ட் அக்காவிடம் காட்டினேன்.

“தம்பி, அம்மாவுக்கு நான் சாதா மெட்ஃபார்மின்தானே குடுப்பேன்? இதுல எஸ்ஆர்னு போட்டிருக்கு. டாக்டர் மாத்துனாரா, நீங்களா மாத்துனீங்களா?”

அம்மா மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குவார். எஸ்ஆர் மாத்திரை மெல்ல மெல்லக் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. அதை உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். அம்மா மாத்திரையை உடைத்துச் சாப்பிடுவார் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். ஆப்புக்குத் தெரிய வழியில்லை.

அதற்காகக் கடைக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஃபார்மசிஸ்ட் வீட்டுக்குப் போனபின் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒருவர் மருந்து எடுத்துத் தருகிற கடைகளும் மதுரையில் இருக்கின்றன. சளிக்கு என்று கேட்டால் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். சில ஆன்டிபயாடிக்குகளும் அடங்கிய, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கவுன்ட்டரில் யாரும் எழுதி நான் பார்த்தது குறைவு.

அட்டையை வெட்டித் தருவது இன்னொரு பிரச்சினை. பத்தில் நாலு கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கிற பாதி கடையிலேயே தங்கிவிடும். தேதி இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முழு அட்டையாக வாங்குங்கள். ஆப்பில் பெரும்பாலும் முழு அட்டையாகவே வருகிறது. டெல்மிசார்டன் போன்ற ஈரம் இழுக்கும் மாத்திரைக்கு அது ரொம்ப நல்லது. அதை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கவே கூடாது.

இன்சுலினை மட்டும் ஆப்பில் வாங்க மாட்டேன். கத்திரி வெயிலில் ஒருமுறை ஆர்டர் போட்டேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த ஐஸ் பை உருகி வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெட்டுப்போன இன்சுலின் பல நேரம் பார்வைக்கு நல்லது போலவே இருக்கும். அப்போது சுகர் இறங்காதபோதுதான் தெரியவரும். திருப்பி அனுப்பிப் பணம் வர எட்டு நாள் ஆனது. அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரியே ஊசி வேண்டும். தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஃபிளாஸ்கில் போட்டு ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆப்பில் வாங்குவது சட்டப்படி சரியா என்று பலர் கேட்கிறார்கள். ஆன்லைன் விற்பனைக்கென்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது. நடைமுறையில் ஆப்புக்குப் பின்னால் உரிமம் உள்ள ஒரு மருந்துக்கடை இருக்க வேண்டும். அது எந்தக் கடை என்பது பில்லில் இருக்கும். கடைப் பெயர், முகவரி, மருந்து உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஐந்தும் பில்லில் இருக்கிறதா பாருங்கள். பிறகு அட்டையில் இருக்கிற பேட்ச் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரான 300 முக்கிய பிராண்டுகளில் பார் கோடோ கியூஆர் கோடோ இருக்க வேண்டும். அதை ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

சீட்டு கேட்காத ஆப்பை அன்றே அழித்துவிடுங்கள். “சீட்டு இல்லையா, எங்க டாக்டர் பேசுவார்” என்று சொல்லி, ஒரு நிமிடம் பெயரும் வயதும் கேட்டுவிட்டு நாம் கேட்ட எல்லாவற்றையும் எழுதித் தருவதும் அதே ரகம்தான். எனக்கு அது நடந்திருக்கிறது. கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெட்ஃபார்மின் எழுதுகிற டாக்டர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. வாட்ஸ்அப்பில் எடை குறைக்க மாத்திரை விற்கிறவர்களை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மாறாத மாத்திரைகளான மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் ஆப்பில், கையில் பத்து நாள் இருப்பு இருக்கும்போதே. கிளிமிபிரைடு மக்கள் மருந்தகத்தில். இன்சுலினும், டாக்டர் புதிதாக எழுதுகிற எதுவும் தெருமுனைக் கடையில். தைராய்டு மாத்திரையை மட்டும் கம்பெனி மாற்றாமல் ஒரே பிராண்டாக வாங்குகிறோம், அதுவும் ஆப்பில் மாதாமாதம் தானாக வருகிற ஆர்டராகப் போட்டிருந்தேன்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் அதை 75 ஆக்கினார். புதுச் சீட்டோடு கடைக்குப் போனபோது, “பழைய அம்பது வீட்ல எத்தனை இருக்கு, தனியா எடுத்து வச்சிருங்க தம்பி, அம்மா ரெண்டையும் சேத்துப் போட்டுறப் போறாங்க” என்றார் அக்கா. வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். அடுத்த செவ்வாய்க்கு 50 மைக்ரோகிராம் மூன்று அட்டை கிளம்பத் தயாராக இருந்தது. அதை ரத்து செய்துவிட்டு, மிச்சமிருந்த பழைய அட்டையை எடுத்து பீரோவின் மேல்தட்டில் வைத்தேன்.