பிழை பிடிக்க எந்தப் பிரதி நல்லது: பழைய டிவிடியா, அகலத்திரை எச்டியா, ஓடிடியா?

ஒரு டிவி தொடரில் பிழை கண்டுபிடித்ததாக ஒருவர் சொல்வார். இன்னொருவர் அதே எபிசோடின் அதே காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லையே என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. பார்த்த பிரதிதான் வேறு.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' காபி கப். கடைசி சீசனின் 4-ஆவது எபிசோடு 2019 மே 5 அன்று ஒளிபரப்பானது. வாளும் கோட்டையுமான கதையில், விண்டர்ஃபெல் கோட்டை விருந்துக் காட்சியில், அரசி டேனெரிஸுக்கு முன்னால் மேசைமேல் மூடி போட்ட காகித கப் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. டேனெரிஸ் ஆர்டர் செய்தது மூலிகை டீதான் என்று கிண்டலும் அடித்தது. இரண்டே நாளில் கம்ப்யூட்டரில் கப்பை அழித்துவிட்டுப் புது ஃபைலை ஏற்றியும் விட்டார்கள். இன்று புதிதாகத் தொடரைப் பார்க்கிறவர் ஓடிடியில் எத்தனை முறை நிறுத்தித் தேடினாலும் அந்தக் கப் கிடைக்காது.

ஆகவே பிழை தேடுகிற பழக்கம் உள்ளவர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்தத் தொடர் என்பதை அல்ல, எந்தப் பிரதி என்பதை. கைக்கு எட்டுகிற வழிகள் மூன்று: அந்தக் காலத்து டிவிடி, பிற்பாடு அகலத்திரைக்கு மாற்றிய எச்டி பதிப்பு, ஓடிடி. எச்டி பதிப்புதான் பெரும்பாலும் ஓடிடியிலும் ஓடுகிறது. இருந்தாலும் அதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு என்பதால் பிரித்தே பார்க்கிறேன்.

அதிகம் பிழை சிக்குவது எச்டியில்தான். வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினால் இத்தனை நாள் மறைந்திருந்த சுவர் தெரியுமே, அந்த மாதிரி. 'ஃப்ரெண்ட்ஸ்' (1994–2004) 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த தொடர். அப்போது வீட்டு டிவியெல்லாம் 4:3, கிட்டத்தட்ட சதுரம். ஒளிப்பதிவாளர் நடுவில் உள்ள அந்தச் சட்டத்துக்குத்தான் காட்சியை அமைத்தார். பக்கவாட்டில் விளக்குக் கம்பம் நின்றாலும் கவலை இல்லை, அது யார் வீட்டு டிவியிலும் வராது. 2012-இல் இந்தத் தொடரின் ப்ளூ-ரே (எச்டி டிஸ்க்) வந்தபோது மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்டிவிட்டு, ஃபிலிமின் ஓரங்களைத் திறந்து 16:9 ஆக்கினார்கள். அப்போதுதான் வேடிக்கை தொடங்கியது. ஒருவருடைய முகத்தை மட்டும் படம்பிடிக்கும்போது எதிரில் சில சமயம் ஸ்டாண்ட்-இன் எனப்படும் மாற்று ஆள் உட்கார்ந்திருப்பார். 4:3-இல் அவர் சட்டத்துக்கு வெளியே. எச்டியில் பார்த்தால், ஆறு நண்பர்களில் ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு முகம், அடுத்த ஷாட்டில் மறுபடியும் பழைய ஆள்.

இதைத் தொடரின் கன்டினியூட்டி பிழை (ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் ஒத்துப்போகாத பிழை) என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. எடுத்தவர்கள் காட்ட நினைத்த சட்டத்துக்குள் அந்த ஆள் இல்லவே இல்லை. பழி போட வேண்டுமானால் சட்டத்தை விரித்தவர்கள் மேல் போடலாம்.

'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' கதை இன்னும் மோசம். 2014 வாக்கில் வந்த அதன் எச்டி பதிப்பில் படக்குழுவினரே ஓரத்தில் தெரிகிறார்கள். அதைவிடப் பெரிய கோளாறு நிறத்தில். முதலில் ஒளிபரப்பானபோது வண்ணம் திருத்தி இரவாக மாற்றியிருந்த சில காட்சிகள் இந்தப் பதிப்பில் பட்டப்பகல் போல வெளிறிக் கிடக்கின்றன. வெயில் பட்டால் சாம்பலாகிற வேம்பயர் (ரத்தக் காட்டேரி) வெளிச்சத்தில் நின்று நிதானமாக வசனம் பேசும். புதிதாகப் பார்க்கிற ஆள் இதை எழுத்தாளரின் தவறு என்றுதானே குறித்துக்கொள்வார்?

எல்லோரும் இப்படிச் செய்யவில்லை. 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை 2012 முதல் ப்ளூ-ரேயில் வெளியிட்டவர்கள் மூல நெகடிவுக்கே போய் மறுபடி ஸ்கேன் செய்தார்கள், ஆனால் 4:3 சட்டத்தை விடவில்லை. அதிலும்கூட, விண்கப்பலின் கட்டளை அறையில் பேனல்களின் பளபளப்பை மறைக்க ஒட்டியிருந்த கறுப்பு அட்டைகள் இப்போது பளிச்சென்று தெரிகின்றன. பழைய டிவியின் மங்கலை நம்பி ஒட்டிய அட்டை அது. 'த வயர்' தொடரை 2014 டிசம்பரில் எச்பிஓ அகலமாக்கியபோது, புதிதாகத் திறந்த ஓரங்களில் தெரிந்த ஆட்களையும் கருவிகளையும் ஃபிரேம் ஃபிரேமாக அழித்தார்கள். உருவாக்கிய டேவிட் சைமனும் அந்த வேலையில் கலந்துகொண்டார். சில காட்சிகள் அகலத்தில் மேம்பட்டன, சில கெட்டன என்று வெளிப்படையாகவே எழுதினார்.

எச்டியில் பிழை கூடுவது மட்டுமல்ல, காட்சியில் இருந்தது காணாமலும் போகும். மேலும் கீழும் வெட்டுகிறார்கள் அல்லவா. 'சைன்ஃபெல்ட்' 2021 அக்டோபர் 1 அன்று நெட்ஃப்ளிக்ஸுக்கு 16:9-இல் வந்தது. அதில் 1997-இன் ஓர் எபிசோடில் ஜார்ஜ் சாலையில் உள்ள ஒரு பள்ளத்தைப் பற்றிப் பேசுகிறான். எபிசோடின் பெயரே அந்தப் பள்ளம்தான். வெட்டிய பிரதியில் பள்ளம் சட்டத்துக்குக் கீழே போய்விட்டது, வெறும் தாரைப் பார்த்துப் பேசுகிறான். 'த சிம்ப்சன்ஸ்' 2019 நவம்பரில் டிஸ்னி+-இல் வந்தபோதும் இதே கதி. டஃப் பீர் தொழிற்சாலையில் மூன்று வகை பீர் என்று மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் சரக்கு வருகிறது என்பது நகைச்சுவை. மேல்பகுதியை வெட்டியதில் குழாயும் போச்சு, சிரிப்பும் போச்சு. ரசிகர்கள் விடாமல் கேட்ட பிறகு 2020 மே மாதம் 4:3-இல் பார்க்கும் வசதியைக் கொடுத்தார்கள்.

அப்புறம், நம் போனில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்புகிறோமே, அதுவும் வெட்டுதான். பழைய தமிழ் சீரியல்களை அகலமாக இழுத்து யூடியூபில் ஏற்றுகிறவர்கள் வெட்டுவதில்லை. அங்கே எல்லோருடைய முகமும் வீங்கிப் போயிருக்கும்.

ஓடிடியின் தனிச் சிக்கல், இன்று இருக்கிற ஃபைல் நாளை இருக்க வேண்டும் என்பதில்லை. 'த மாண்டலோரியன்' இரண்டாம் சீசனின் 4-ஆவது எபிசோடில் (2020 நவம்பர் 20) ஓரத்தில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட படக்குழுக்காரர் ஒருவர் நின்றார். ரசிகர்கள் அவருக்குச் செல்லப்பெயரே வைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆள் அழிக்கப்பட்டார். தலைகீழாகவும் நடக்கும்: 2025 டிசம்பரில் 'மேட் மென்' 4கே-யில் எச்பிஓ மேக்ஸுக்கு வந்தபோது, முதல் சீசனில் ரோஜர் வாந்தி எடுக்கும் காட்சியில் ஓரமாகக் குழாய் பிடித்து நிற்கும் ஆட்கள் தெரிந்தார்கள். 2007 ஒளிபரப்பில் அவர்கள் அழிக்கப்பட்டிருந்தார்கள். இம்முறை அழிக்காத ஃபைல் மேலே போய்விட்டது. இப்படிப்பட்ட மறதிகளைப் பிடிக்க வேண்டுமானால் வெளியான அன்றே பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. இருட்டுக் காட்சிகளில் ஓடிடியை நம்பவும் முடியாது. நெட் கொஞ்சம் மந்தமானால் கறுப்பு கட்டம் கட்டமாக உடைந்துவிடும், எது பிழை எது சுருக்கக் கோளாறு என்று தெரியாது.

டிவிடியைப் பலர் பரணில் போட்டுவிட்டார்கள். படத் துல்லியத்தில் அது தோற்றுத்தான் போகும். கதாபாத்திரம் கையில் வைத்திருக்கும் செய்தித்தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அதில் படிக்க முடியாது. ஆனால் எடுத்தவர் நினைத்த சட்டம் எது என்பதற்கு அதுதான் சாட்சி. 'ஃப்ரெண்ட்ஸ்' டிவிடிகளில் இன்னொரு லாபமும் உண்டு: ஒளிபரப்பில் வெட்டிய துண்டுகள் பல எபிசோடுகளில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ப்ளூ-ரேயும் ஓடிடியும் ஒளிபரப்பு நீளத்துக்கே திரும்பிவிட்டன. ஒரு வசனம் திடீரென்று தொடர்பில்லாமல் வருகிறதே என்று தோன்றினால், அதற்கான முன்கதை வெட்டுப்பட்ட துண்டில் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தை டிவிடியில்தான் தீர்க்க முடியும்.

எந்தப் பிரதியிலும் மாறாத பிழைகளும் இருக்கின்றன. கோப்பையில் பாதி இருந்த ஜூஸ் அடுத்த ஷாட்டில் நிரம்பியிருப்பது அந்த வகை. 'ஃப்ரெண்ட்ஸ்' மாதிரி பார்வையாளர்கள் முன் பல கேமரா வைத்து, ஒரே காட்சியைப் பல டேக் எடுக்கும் தொடரில் எடிட்டர் சிரிப்பு நன்றாக விழுந்த டேக்கைத்தான் எடுப்பார், ஜூஸ் மட்டத்தைப் பார்க்க மாட்டார். சரியான முடிவு என்றுதான் சொல்வேன். ராஸுக்கு மூன்று சீசனாக 29 வயதே ஆவதும், மோனிகா வீட்டுக் கதவு எண் 5-இலிருந்து 20 ஆனதும் அப்படியே எல்லாப் பிரதியிலும் இருக்கின்றன. கதவு எண்ணை மட்டும் தெரிந்தேதான் மாற்றினார்கள்: 5 என்றால் கீழ்த்தளம் போல ஒலிக்கிறது, வீடோ மேல்மாடியில்.

தகவல் பிழைக்கு பிரதியே தேவையில்லை, புத்தகம் தேவை. 'மேட் மென்' கதை 1960-இல் தொடங்குகிறது; அலுவலக மேசைகளில் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரங்கள். அந்த மாடல் விற்பனைக்கு வந்தது 1961 ஜூலையில். 'செர்னோபில்' (2019) தொடரில் அணு உலை விபத்து நடந்த சில நாட்களிலேயே ஒரு ஹெலிகாப்டர் விழுகிறது. உண்மையில் அது விழுந்தது 1986 அக்டோபரில். கடைசி எபிசோடின் விசாரணையில் விஞ்ஞானி லெகாசோவ் சாட்சி சொல்கிறார். நிஜத்தில் அவர் அந்த விசாரணைக்குப் போகவில்லை. இன்னொரு விஞ்ஞானியாக வரும் உலானா கோம்யுக் கற்பனைப் பாத்திரம் என்பதைத் தொடரே முடிவில் சொல்லிவிடுகிறது, அதனால் அதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. விசாரணைக் காட்சி அப்படியல்ல. நன்றாக எடுத்திருப்பதாலேயே பார்த்தவர்கள் அதை வரலாறாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு காபி கப்பைவிட நூறு மடங்கு உறுத்துவது இதுதான்.

ஆக, 2009-க்கு முந்தைய தொடர் என்றால் நான் எச்டியில் தேடி டிவிடியில் சரிபார்ப்பேன். டிவிடியில் இல்லாத பிழையைத் தொடரின் கணக்கில் எழுத மாட்டேன். புதுத் தொடர் என்றால் முதல் நாள் ஓடிடி. வரலாற்றுத் தொடர் என்றால் எந்தப் பிரதியானாலும் சரி. குறிப்பு எழுதும்போது சீசன், எபிசோடோடு பிரதியின் பெயரையும் எழுதுங்கள், நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25-இல் ஓட்டும் PAL முறை (ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த டிவி முறை) டிவிடி 4 சதவீதம் வேகமாக ஓடும். 22 நிமிட எபிசோடின் கடைசிக்கு வரும்போது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் முன்னால் போயிருக்கும். நீங்கள் சொன்ன இடத்தில் அடுத்தவர் தேடினால் விளம்பர இடைவேளைக்கான இருட்டுத் திரைகூட வந்து நிற்கலாம்.