சாணமா, மூட்டை உரமா, தழையா? குமரி விளைக்கு எதை வாங்குவது

குமரி மாவட்டத்தில் உரப் பேச்சை யார் தொடங்கினாலும் அது இயற்கையா ரசாயனமா என்ற சண்டையில் போய் முட்டும். இந்த மண்ணில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போட்டது எதுவானாலும் அது மழைக்கு நிற்குமா?

கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில், அதாவது தென்னையும் வாழையும் நிற்கும் மேட்டு நிலங்களில், பெரும்பாலும் செம்மண்ணும் சரளை மண்ணும்தான். இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவம்) ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. காலங்காலமாக இந்தத் தண்ணீர் சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாஷையும் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. மிஞ்சி நிற்பது இரும்பும் அலுமினியமும். அதனால் மண் அமிலமாகிக் கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உரத்தையும் பார்ப்போம்.

முதலில் தொழு உரம். நூறு கிலோ மக்கிய சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ அரை கிலோ. யூரியாவில் அது நூற்றுக்கு 46 கிலோ. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் சாணம் தோற்றுவிடும், கடைக்காரரும் இதைத்தான் சொல்வார். ஆனால் நம் செம்மண்ணின் களிக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. அந்த வேலையை மண்ணில் இருக்கும் மக்கிய பொருள்தான் செய்கிறது. சாணத்தை நாம் வாங்குவது அந்தப் பிடிமானத்துக்காக. சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு வீடு மாடு நின்ற காலம் போய்விட்டது. லாரியில் வரும் எருவை நம்புவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கிப் பாருங்கள். வைக்கோல் துண்டு தெரிந்தாலோ, மூக்கைக் குத்தும் நெடி வந்தாலோ இன்னும் மக்கவில்லை. விரல்களுக்கிடையே நரநரவென்று மணல் உருண்டால், காசு மண்ணுக்குப் போகிறது.

கோழி எரு இதைவிட வீரியம். தழைச்சத்து இரண்டு, மூன்று சதவீதம் வரை இருக்கும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தாராளம். பச்சையாக வாழை மூட்டில், அதாவது அடியில், கொட்டினால் வேர் வெந்துபோகும். பழுக்க வைத்துத்தான் போட வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே நல்ல துணை இருக்கிறது: கயிறு ஆலைகளின் தேங்காய் நார்க்கழிவு. அதைத் தனியாக அப்படியே போட்டால், மக்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கோழி எருவோடு அடுக்கடுக்காகச் சேர்த்து, நிழலில் ஈரம் காயாமல் சில மாதம் வைத்தால் இரண்டின் குறையும் தீரும். சாணம் கிடைக்காத விளைக்கு நான் சொல்வது இந்தக் கலவையைத்தான்.

இனி மூட்டை உரம். "அண்ணாச்சி, யூரியா ரெண்டு மூட்டை போடுங்க, வாழை கருகருன்னு வரும்" என்று கடையில் சொல்வதில் பொய் இல்லை, வரத்தான் செய்யும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அரசு விலையில் கிடைக்கும்போது கை அதன் பக்கம்தான் போகும். ஆனால் வாழை கேட்பது வேறு. தோட்டக்கால் வாழைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொது அளவு மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். நேந்திரனுக்கு 150, 90, 300. எந்தக் கணக்கில் பார்த்தாலும் சாம்பல்சத்துதான் தழைச்சத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு. நம் விளைகளில் நடப்பது தலைகீழ். யூரியா தின்ற வாழை பச்சையாக நிற்கும், தண்டு சாறேறி இளகியிருக்கும், காற்றுக்கு முதலில் விழுவதும் அதுதான். பொட்டாஷ் குறைவை அடி இலையில் பார்க்கலாம்: ஓரம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கிக் காய்ந்து வரும். குருத்து பச்சையாகவே இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

யூரியாவுக்கு இன்னொரு விலையும் உண்டு. நூறு கிலோ யூரியா மண்ணில் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 80 கிலோ சுண்ணாம்பு வேண்டும். அந்தக் கணக்கை மூட்டையில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

மணிச்சத்தில் சூப்பரா, ராஜ்பாஸா என்று கேட்பவர்களுக்கு: சூப்பர் பாஸ்பேட் தண்ணீரில் கரையும். கரைந்ததை அமில மண்ணின் இரும்பும் அலுமினியமும் சீக்கிரமே பிடித்துப் பூட்டிவிடும். ராஜ்பாஸ் பாறைத்தூள். இந்த அமிலத்திலேயே மெல்லக் கரைந்து பல மாதம் கொடுக்கும். தென்னைக்கும் ரப்பருக்கும் ராஜ்பாஸ், குறுகிய காலக் காய்கறிக்கு வேருக்குப் பக்கத்தில் சூப்பர். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், சுண்ணாம்பையும் ராஜ்பாஸையும் ஒரே நேரத்தில் ஒரே மூட்டில் போட்டால் ராஜ்பாஸ் கரையாது.

இந்தப் போட்டியில் யாரும் சேர்க்காத ஆள் சுண்ணாம்பு. விளை மண்ணின் கார அமில நிலை 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் எடுக்க வேர் இருக்காது. எனக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள்தான் பிடித்தது. மெதுவாக வேலை செய்யும், ஆனால் மக்னீசியமும் சேர்ந்து வரும். அடி ஓலை மஞ்சளித்து, ஈர்க்கையொட்டி மட்டும் பச்சை நிற்கும் தென்னைக்கு அது தேவை. நீற்றிய சுண்ணாம்பு வேகமானது. எதைப் போட்டாலும் சாணத்தோடும் யூரியாவோடும் கலக்கக் கூடாது, தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். அளவை மண் பரிசோதனைச் சீட்டு சொல்லட்டும். கூடினால் துத்தநாகமும் போரானும் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

தழைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிரியமான உரம் இது. வேலியில் சீமைக்கொன்னைக் கம்பு ஊன்றினால் ஆண்டுக்குப் பலமுறை வெட்டலாம். தென்னைத் தடத்தில் முதல் மழைக்குத் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும்போது அப்படியே கொத்திப் புதைக்கலாம். புதைக்கும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

பிரியம் இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். தழை காற்றிலிருந்து தழைச்சத்தைக் கொண்டுவரும், பொட்டாஷைக் கொண்டுவராது. மண்ணில் இருந்ததையே மேலே எடுத்துத் தரும். நாமோ குலையையும் விற்கிறோம், இலைக்கட்டையும் விற்கிறோம். இரண்டோடும் பொட்டாஷ் சந்தைக்குப் போகிறது. வெளியே போனதை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அது பொட்டாஷ் மூட்டையோ அடுப்புச் சாம்பலோ எதுவாகவும் இருக்கலாம். குலை வெட்டிய பிறகு தண்டை விளைக்கு வெளியே தள்ளாமல் துண்டு போட்டு அங்கேயே பரப்புங்கள், அதில் நிறைய பொட்டாஷ் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வயலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தண்ணீர் கட்டிய சில வாரத்தில் அமில மண் தானாகவே நடுநிலைக்கு நகரும், பூட்டிய மணிச்சத்தும் கொஞ்சம் அவிழும். அங்கே சுண்ணாம்புக்குச் செலவழிப்பதைவிட, கும்பப்பூவுக்கு (இரண்டாம் போக நெல்லுக்கு) முன் நேரம் கிடைத்தால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை மடக்கி உழுவதும் யூரியாவைத் தவணையாகப் பிரித்துப் போடுவதும் மேல்.

வளர்ந்த தென்னைக்குப் பல்கலைக்கழக அளவு ஆண்டுக்கு மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர், 2 கிலோ பொட்டாஷ், இரண்டு தவணை. நம் மழைக்கு யூரியாவையும் பொட்டாஷையும் மூன்று நான்காகப் பிரிப்பது நல்லது என்பது என் கருத்து. கொட்டும் மழையில் போட்டால் ஓடைக்குத்தான் உரம் வைத்த மாதிரி. மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது, மூட்டிலிருந்து 1.8 மீட்டருக்குள் வட்டமாகப் போட்டுக் கொத்தி மூடுங்கள்.

சரி, கையில் காசு குறைவு, எல்லாம் வாங்க முடியாது என்றால்? விளை வாழைக்கு முதல் காசு டோலமைட்டுக்கு, அடுத்தது பொட்டாஷுக்கு. யூரியாவைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் சீமைக்கொன்னைத் தழையையும் கோழி எருக் கலவையையும் வையுங்கள். சாணம் கிடைத்தால் விளை முழுக்க மெலிதாக வீச வேண்டாம், நடும்போதே குழியில் போடுங்கள்.